அம்மா சொன்ன வேண்டுதல்

சேலையூர் கேம்ப் ரோட்டில் நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் ஒரு வழக்கம் இருந்தது. என்னைக் கண்டதும் சலூன்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். ரேடியோவை நிறுத்துவார். என் மடியில் ஒரு மஞ்சள் துணியை விரித்து, வெட்டிய முடி தரையில் விழாமல் அதில் சேர்ப்பார். துணி அம்மா கொடுத்தனுப்பியது. "இந்த வாட்டி எந்தக் கோயிலு?" என்று பயபக்தியோடு கேட்பார். அம்மா வாசலில் சொல்லியனுப்பிய ஊர்ப் பெயரைச் சொல்வேன். பழனி, திருத்தணி, சமயபுரம். ஒருமுறை வேளாங்கண்ணி என்றுகூட ஆனது. அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் எனக்கு கேக் கிடைத்தது.

முடி வளர்ப்பதில்லை என்று சாமிக்கு வேண்டிக்கொண்ட பெண் நான். சலூன்காரர் அப்படித்தான் நம்பினார், எங்கள் காலனியும் நம்பியது. எண்பதுகளின் நடுவில் தொடங்கி வருடக்கணக்கில் அந்தக் கதை ஓடியது. அப்படி ஒரு வேண்டுதலே கிடையாது. எல்லாம் அம்மாவின் கைங்கரியம்.

சின்ன வயதில் டைபாய்டு வந்து எனக்கு முடி கொட்டியபோது மட்டும் நிஜமாகவே ஒரு வேண்டுதல் இருந்தது. திருப்பதியில் மொட்டை போட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர், "தம்பி, உள்ள தள்ளிப் போ" என்றார். வழியில் டீக்கடைக்காரர், "பாப்பாவுக்குப் பால் போடட்டா?" என்றார். அம்மாவுக்கு அவமானமாக இருந்தது. எனக்கோ, முதுகில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தம்பி என்கிறவர் தம்பி என்று சொல்லட்டும், பாப்பா என்கிறவர் பாப்பா என்று சொல்லட்டும், நான் பாட்டுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அப்புறம் முடி வளர்ந்துவிட்டது. ரிப்பன் கட்டினார்கள், பூ வைத்தார்கள். மூட்டை திரும்ப ஏறிவிட்டது.

படிப்பு முடிந்த கையோடு ஒருநாள் நானே பின்னலை வெட்டிக்கொண்டு வந்து நின்றேன். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா வழக்கம்போல் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். ரயில்வேயில் கிளார்க்காக இருந்த அவர் வீட்டில் எந்த விஷயத்துக்கும் சிக்னல் கொடுத்ததில்லை. அம்மா அழுது முடிப்பதற்குள் எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்துவிட்டார்.

"அய்யய்யோ, முடி எங்கடி?"

அம்மா கண்ணைத் துடைத்தாள். "வேண்டுதல்" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு பொய்க்கு எத்தனை காவல்! மாதாமாதம் மஞ்சள் துணி, ஊர்ப் பெயர், துணியில் முடிந்து கொண்டு வரும் முடியை எல்லோரும் பார்க்கும்படி சாமி அலமாரியில் வைப்பது. வருடத்துக்கு ஒருமுறை அம்மா அத்தனையையும் எடுத்துப் போய் மலையில் உண்டியலில் போட்டுவிட்டு வருவாள். ஊரிடம் பொய் சொன்னாலும் சாமியிடம் பாக்கி வைக்க மாட்டாள். என்னிடம் மட்டும் ஏன் வெட்டினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

இப்போது இதற்கெல்லாம் சொற்கள் வந்துவிட்டன. நான் பெண்ணும் இல்லை, ஆணும் இல்லை என்று இன்றைய பிள்ளைகள் காபி குடித்துக்கொண்டே சொல்கிறார்கள். அப்போது என்னிடம் இருந்தது ஒரு சலிப்பு மட்டும்தான். கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராயிங் ஆபீஸில் வேலை. பேன்ட், அரைக்கை சட்டை, தாம்பரத்திலிருந்து மின்சார ரயில். லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறினால், "யோவ், கண்ணு தெரியல? இது லேடீஸ்!" என்று கூடையோடு ஒரு சத்தம் வரும். குரலைக் கேட்டதும், "அட, பொம்பளப் புள்ளையா! எதுக்கு இந்த வேஷம்?" என்பார்கள். அடுத்த பெட்டியில் ஏறினால் ஆண்கள் முதலில் "சார், கொஞ்சம் நகருங்க" என்பார்கள், கண்டுபிடித்த பிறகு வேண்டுமென்றே இடிப்பார்கள். தினம் காலையில் பிளாட்பாரத்தில் நின்று, இன்றைக்கு எந்தப் பெட்டியில் பேச்சு வாங்கலாம் என்று யோசிப்பேன். வேலையைவிட அதுதான் என்னைச் சோர வைத்தது.

ஆணாக வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததில்லை. ஆபீஸில் ஒருவன் தாராள மனசோடு, "உன்னை சார்னு கூப்பிடட்டுமா? சந்தோஷமா இருக்குமா?" என்று கேட்டான். இடதுகால் செருப்பு கடிக்கிறது என்றால் வலதுகால் செருப்பைக் கழற்றிக் கொடுக்கிற உபகாரம் அது. "ஆளை விடுப்பா" என்றேன்.

இதை ஒரே ஒருவர்தான் கேட்க வேண்டிய விதத்தில் கேட்டார். ரயிலில் கைதட்டிக் காசு கேட்டு வரும் திருநங்கை. அந்தக் காலத்தில் அவர்களைக் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுத எனக்கு மனமில்லை. என்னைக் கண்டதும் தட்டின கை நின்றுவிட்டது.

"நீ இன்னா, எங்காளா?"

"இல்லக்கா."

"அப்ப ஆம்பளயா ஆவணுமா?"

"அதுவும் இல்லக்கா."

"பின்ன இன்னாதான் வேணும் உனுக்கு?"

"ஒண்ணும் வேணாம்க்கா. சும்மா வுட்டாப் போதும்."

அவர் பெரிதாகச் சிரித்தார். "அதாங் கண்ணு கஷ்டம். எதுனா ஒண்ணு வேணும்னு கேட்டா திட்டிகினாவது குடுப்பானுங்க. சும்மா வுடுன்னா எவனும் வுட மாட்டான்." என்னிடம் காசு வாங்காமலே பல்லாவரத்தில் இறங்கிப் போய்விட்டார்.

காலனியில் என் பக்திக்குப் பேர் பரவிவிட்டது. எதிர்வீட்டு அக்காவுக்குக் கல்யாணமாகி வெகுநாளாகியும் குழந்தை இல்லை. ஒருநாள் நான் சலூனுக்குக் கிளம்பும்போது வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உன் வேண்டுதல்ல எனக்கும் ஒரு வார்த்தை சேத்துக்கோடி. நீ கேட்டா சாமி குடுக்கும்." சலூன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, தெரிந்த சாமிகளை எல்லாம் அவருக்காகக் கேட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டேன்.

தம்பிக்குப் பெண் பார்த்தபோதுதான் அம்மாவின் கதை எங்களைச் சுற்றி வளைத்தது. என்னைவிட நாலு வயது சின்னவன். அவன் என்னை அக்கா என்பான். அது ஒன்று மட்டும் எனக்குக் கடித்ததே இல்லை. அவன் வாயில் அது என் பெயர் மாதிரி. பெண் இரும்புலியூர். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பெண்ணின் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலியா? முடி ஏன் இப்படி?"

அம்மா காபி டபராவைக் கீழே வைக்காமலே சொன்னாள். "தம்பிக்கு நல்ல இடம் அமையணும்னு வேண்டுதல். அவன் கல்யாணம் முடியற வரைக்கும் முடி வளக்க மாட்டேன், தனக்கும் கல்யாணம் வேணாம்னு இருக்கு."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்!" என்றார். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவசரத்தில் அம்மா வேண்டுதலுக்கு ஒரு முடிவு வைத்துவிட்டாள். கல்யாணம் நடந்துவிட்டால் நான் முடி வளர்த்தாக வேண்டும், புடவை கட்டியாக வேண்டும், அடுத்து என் கழுத்துக்கு ஆள் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

அது பிறகு. அதற்கு முன்னால் தாலி இருந்தது. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் போட வேண்டியது அவன் கூடப் பிறந்தவள், நாத்தனார். எங்கள் வீட்டில் வேறு யார்? "நீதான்க்கா போடணும்" என்று தம்பி முதல் நாளே சொல்லிவிட்டான். எனக்கும் அது வேண்டும்தான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் கல்யாணத்தில் என் கை படவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது.

அத்தை ஆளனுப்பினார். முடி போனால் போகிறது, சவுரி வைத்துக்கொள்ளலாம், நாத்தனார் பட்டுப்புடவையில்தான் மேடை ஏற வேண்டும், இல்லாவிட்டால் பெரியப்பா மகள் முடிச்சுப் போடட்டும் என்று. அம்மா அரக்குப் பட்டு ஒன்றை என் கட்டிலில் வைத்தாள். சாயந்திரம் தம்பி வந்து அதன் பக்கத்தில் ஒரு பட்டு வேட்டியும் சட்டையும் வைத்தான். "உனக்கு இதுதான் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

இரண்டும் பாசத்தோடு வந்தவை. இரண்டையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கோபம்கூட வரவில்லை. பெற்ற தாய்க்கும் தெரியவில்லை, கூடப் பிறந்தவனுக்கும் தெரியவில்லை. இனி யாரிடம் போய் எதை விளக்குவது? அப்படி ஒரு அசதி.

கல்யாணத்தன்று ஆபீஸுக்குப் போகும் பேன்ட்டையும் வெளுத்த அரைக்கை சட்டையையும் இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் பந்தி விசாரிக்கிறவர்கள் என்னைச் சமையல் கான்ட்ராக்டர் ஆள் என்று நினைத்து, "சாம்பார் ரெடியா?" என்று கேட்டார்கள். முகூர்த்த நேரம் வந்தது. ஐயர் மேடையிலிருந்து, "நாத்தனாரைக் கூப்பிடுங்கோ" என்றார். நான் படி ஏறினேன். அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"இன்னிக்குத்தான் வேண்டுதல் முடியுதுல்ல? ஒரு நாள் ஒரு புடவை கட்டினா குறைஞ்சா போயிடும்? பெரியப்பா பொண்ணை வரச் சொல்லுங்க." பெரியப்பா மகள் பட்டுப்புடவை சரசரக்க எழுந்து வந்தாள், பாவம், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல். தம்பி தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஐயர், "நேரம் போறது, நேரம் போறது" என்றார். நான் படியிலிருந்து திரும்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

அப்போது அம்மா பேசினாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை. மாவரைத்து முடித்து உட்காரும் பெண்ணின் குரல் அது.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இத்தனை வருஷமா நான்தான் பொய் சொன்னேன். என் புள்ள அப்படித்தான். புடவையும் வராது, வேட்டியும் வராது. என்னன்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. முடிச்சு அது போடும், இல்லாட்டி யாரும் போட வேணாம்."

மேளக்காரர்கள்கூட எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா முகத்துக்கு நேராகத் தூக்கப் பேப்பர் இல்லாமல் தவித்தார். கல்யாணப் பெண் தன் கையால் பூச்சடையை ஒருபக்கம் ஒதுக்கி, பிடரியைக் காட்டி, "வந்து போடுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை, வேறு எதுவும் சொல்லவில்லை. கெட்டிமேளம் முழங்கியது. தம்பி ஒரு முடிச்சுப் போட்டான். நான் இரண்டு போட்டேன். ஒன்று கொஞ்சம் இறுகிவிட்டது.

அதோடு எல்லாம் சுபம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பந்தியில் எதிர்வீட்டு அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பாயசம் வரும்போது கேட்டார். "அப்போ எனக்காக வேண்டிக்கிட்டது?"

"அது நெசம்க்கா. அது மட்டும் நெசம்."

அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். அடுத்த நவராத்திரிக்கு அம்மாவை அவர் வீட்டுக்கு வெற்றிலை பாக்குக்கு அழைக்கவில்லை. அம்மா அந்த ஒன்பது நாளும் எங்கள் வாசல் லைட்டைச் சீக்கிரமே அணைத்துவிட்டாள்.

கல்யாணம் முடிந்த வாரம் அம்மா என் தலையைப் பார்த்துவிட்டு, "காது மேல விழுது. போய் வெட்டிக்கிட்டு வா" என்றாள். வாசலில் நின்றேன். ஊர்ப் பெயர் வரவில்லை. மஞ்சள் துணியும் வரவில்லை. அம்மா உள்ளே போய்க் குழம்பைக் கிளற ஆரம்பித்துவிட்டாள்.

சலூன்காரர் செருப்பைக் கழற்றினார். ரேடியோவை நிறுத்தினார். "மஞ்சத் துணி எங்க? எந்தக் கோயிலு இந்த வாட்டி?"

"எந்தக் கோயிலும் இல்லண்ணா. வேண்டுதலே இல்ல. எனக்கு இப்பிடி இருந்தாத்தான் நான் நானா இருக்கேன். அவ்ளோதான்."

அவர் கத்திரியைப் பிடித்தபடி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கடையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அட, இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? எத்தினி வருசமா வெறுங்கால்ல சிமெண்ட் தரையில நின்னுகினு கீறேன்! குதிகாலு வுட்டுப் போச்சு." செருப்பை மாட்டிக்கொண்டார். ரேடியோவைப் போட்டார். "தலயக் குனி."

குனிந்தேன். வெட்டிய முடி தரையில் விழுந்துகொண்டே இருந்தது. நான் அழுவதைப் பார்த்துவிட்டு, கண்ணில் முடி விழுந்துவிட்டதாக நினைத்துத் துண்டைக் கொடுத்தார்.