தலைவெட்டி பங்களா

சித்தூரில் கோர்ட்டுக்குப் பின்னால் போகும் தெருவில் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களா ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு பெரிய தூண்கள். கதவுக்கு மேலே, என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸையும் மூலைமட்டத்தையும் ஒன்றோடொன்று பிணைத்த மாதிரி ஒரு சின்னம். பக்கத்துச் சிறிய அறையைத் தவிர வேறெங்கும் எட்டிப் பார்க்கிற உயரத்தில் ஜன்னல் கிடையாது. வாசலில் இங்கிலீஷில் ஒரு பெயர்ப்பலகை தொங்கியது. அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரிக்‌ஷாக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அது தலைவெட்டி பங்களா.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அதன் கேட் திறக்கும். கோட்டு போட்ட ஆட்கள், கையில் தட்டையான கறுப்புப் பெட்டியோடு ஒவ்வொருவராக வந்து இறங்குவார்கள். வக்கீல்கள், டாக்டர்கள், கிரானைட் முதலாளிகள். கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்பது அவர்கள் மனைவிமாருக்குக்கூடத் தெரியாதாம். புதிதாகச் சேருகிறவரின் தலையை வெட்டி, மந்திரம் போட்டு ஒட்டவைத்து அனுப்புவார்கள் என்று என் வகுப்புப் பெண்கள் சொன்னார்கள். ஒட்டிய தழும்பை மறைக்கத்தான் டை கட்டுகிறார்கள் என்றும் சொன்னார்கள். அதன்பிறகு டை கட்டியவர் யாரைப் பார்த்தாலும் என் கண் கழுத்துக்குத்தான் போகும்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஊர் புத்தலப்பட்டிலிருந்து உள்ளே போகவேண்டிய சின்ன கிராமம். அங்கே பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். அதனால் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, என்னைச் சித்தூரில் இருந்த அவருடைய தங்கையிடம் கொண்டுவந்து விட்டிருந்தார். அத்தைக்குக் குழந்தை இல்லை. மாமா மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கெமிஸ்டாகச் சேர்ந்து மேனேஜர் ஆனவர். வெளிநாட்டுக்குக் கூழ் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறத் தொடங்கிய வருடங்கள் அவை. யார் யாரோ வெள்ளைக்காரர்களிடம் அவர் போனில் இங்கிலீஷ் பேசுவார். அத்தை சமையலறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே, ஒன்றும் கேட்காதவள் மாதிரி வெங்காயம் நறுக்குவாள்.

ஊருக்குப் போனால் கதை வேறு. எங்கள் ஆட்கள் இரண்டு தலைமுறையாக வேலை செய்த பண்ணை வீட்டுக்காரர்கள் மாமாவைச் சின்ன வயதில் "டேய்" என்று கூப்பிட்டவர்கள். ஸ்கூட்டரும் பேண்ட்டுமாக வந்து நிற்கிறவரை இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலே இருந்துவிட்டார்கள். தெருவில் எதிரே வந்தால் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். மாமாவும் அப்போது ஸ்கூட்டர் மீட்டரைப் பார்ப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஃபேக்டரியில் மீட்டிங் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் அத்தை சுவர்க் கண்ணாடிக்குக் கீழிருந்த பலகையைப் பார்த்தாள். வாட்ச் இருந்தது. பாக்கெட்டில் எப்போதும் வைத்திருக்கும் சாவிக்கொத்து இருந்தது. கல்யாண மோதிரமும் இருந்தது. பதினோரு வருடத்தில் அந்த மோதிரம் அவர் விரலை விட்டு இறங்கியதில்லை.

"மோதிரத்த உட்டுட்டுப் போறாரு பாரு. ஓடிப்போயி மாமா கையில குட்த்துட்டு வா" என்றாள்.

மோதிரத்தை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு ஓடினேன். மாமா ஸ்கூட்டர் எடுக்கவில்லை, நடந்துதான் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தபோது அவர் சட்டென்று இடது பக்கம் திரும்பினார். தலைவெட்டி பங்களாவின் கேட்டுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

கேட் வரை போய் நின்றேன். பிறகு சுற்றுச்சுவர் இடிந்திருந்த பக்கமாக உள்ளே புகுந்து, அந்தச் சிறிய அறையின் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

மாமா நடுவில் நின்றுகொண்டிருந்தார். சட்டையின் இடது பாதியைக் கழற்றி நெஞ்சைத் திறந்து விட்டிருந்தார்கள். பேண்ட்டின் ஒரு கால் முழங்காலுக்கு மேல் சுருட்டி விடப்பட்டிருந்தது. ஒருவர் கறுப்புத் துணியால் அவர் கண்ணைக் கட்டினார். இன்னொருவர் ஒரு கயிற்றை எடுத்து, சுருக்குப் போட்டு, மாமாவின் தலை வழியாக இறக்கிக் கழுத்தில் விட்டார். மாமா திமிறவில்லை. கயிறு வசதியாக இறங்கட்டும் என்று தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார். அந்தக் குனிதல்தான் என்னை உலுக்கிவிட்டது.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை, மோதிரம் இன்னும் என் கையிலேயே இருந்தது. "மாமாவ வெட்டப் போறாங்க அத்தே" என்று மட்டும் சொன்னேன். அத்தை அடுப்பை அணைக்கவில்லை. சாம்பார்க் கரண்டியைக் கீழே வைக்கவும் இல்லை. செருப்பில்லாமல் அவள் ஓட, பின்னால் நான் ஓடினேன்.

உள்கதவுக்கு முன்னால் உருவிய கத்தியோடு ஒருவர் நின்றிருந்தார். பார்த்தால், எனக்கு இருமல் மருந்து கொடுக்கும் மருந்துக்கடைக்காரர். அவருக்கும் எங்களைப் பார்த்து அதிர்ச்சி. கத்தி அத்தைமேல் பட்டுவிடப் போகிறதே என்று அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "அம்மா, லேதும்மா, இப்ப போவக்கூடாதும்மா" என்று கெஞ்சினார். அத்தை அவரைத் தோளால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

அப்படி ஒரு அறையை நான் பார்த்ததில்லை. தரை முழுவதும் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையுமான கல். கூரையில் நீல வண்ணத்தில் நட்சத்திரங்கள். எதிர்ச் சுவரில் ஒரே ஒரு கண், இமைக்காமல். சுவரோரம் கோட்டு போட்டவர்கள் இடுப்பில் வெள்ளைத் தோல் துண்டு கட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், கண்ணும் கழுத்தும் கட்டப்பட்டு, திறந்த கீதைப் புத்தகத்தின்மேல் கையை வைத்து, மாமா மண்டியிட்டிருந்தார். பக்கத்திலேயே குர்ஆனும் பைபிளும் இருந்தன.

யாரும் அசையவில்லை. அத்தை கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரல் கீழே இறங்கியிருந்தது.

"அந்தக் கயித்த எட்துடுங்க."

மாமா முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினார். "நீ ஊட்டுக்குப் போ. யாரும் என்ன இஸ்துக்கினு வர்ல. நானே கேட்டுக்கினுதான் வந்தேன்."

"கழுத்துல கயிறு போடச் சொல்லி நீயே கேட்டியா?"

மாமாவின் முகம் மறுபடி புத்தகத்தின் பக்கம் திரும்பியது.

"எங்க நைனாவ இப்டிதான் கட்டி வெச்சாங்க. பண்ணையூட்டு மாட்டுக்கொட்டாயில. நான் கஞ்சி எட்துக்கினு போனேன். மாட்டுக்கு அவுத்தாங்க, எங்க நைனாவுக்கு அவுக்கல. உனக்குத் தெரியாதா அது?"

என் தாத்தாவைக் கட்டிவைத்த கதையை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அவர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போகமாட்டார் என்பது மட்டும் தெரியும். அவருக்கு மாடு பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

உயரமான நாற்காலியிலிருந்து ஒரு கிழவர் இறங்கி வந்தார். ரிடையரான பெரியாஸ்பத்திரி டாக்டர். அவரே குனிந்து, தன் கையாலேயே கயிற்றைக் கழற்றினார். கண்கட்டையும் அவிழ்த்தார். வெளிச்சத்தில் மாமா முதலில் பார்த்தது அத்தையை, அவள் கையிலிருந்த கரண்டியை, அதிலிருந்து வெள்ளைக் கல்லில் சொட்டிய சாம்பாரை.

நாங்கள் மூன்று பேரும் தெருவில் நடந்து வந்தோம். அத்தை முன்னால், மாமா பின்னால். சுருட்டிய பேண்ட்டை இறக்கிவிடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது. அவர் கழுத்து ஒட்டியிருக்கிறதா என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் பேச்சில்லை. அத்தை தட்டை வைப்பாள், மாமா சாப்பிடுவார், எழுந்து போவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏதேனும் கேட்க வந்தால் அத்தை கதவைச் சாத்திக்கொள்வாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோட்டு இல்லை, டை இல்லை. கழுத்தைப் பார்த்தேன். வயதான கோழியின் கழுத்து மாதிரி சுருக்கம் மட்டுமே இருந்தது. மாமா பதறிப்போய் ஒரே ஒரு மர நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தான் நின்றார். டாக்டர் உட்காரவில்லை. மாமா பாய் விரித்து உட்கார்ந்த பிறகு, அவரும் பாயிலேயே உட்கார்ந்தார். அத்தை சமையலறை வாசலில் நின்றாள்.

"அந்தக் கயிறு எல்லாருக்கும் போடறதுதாம்மா" என்றார் டாக்டர். "எனக்கும் போட்டாங்க. எங்க நாயனா, சப் கலெக்டரா இருந்தவரு, அவருக்கும் போட்டாங்க. மோதிரம், வாட்ச்சு எல்லாத்தயும் ஊட்லயே வெச்சுட்டுதான் வரணும். உள்ள வர்றப்போ கலெக்டரும் ஒண்ணுதான், கூலிக்காரனும் ஒண்ணுதான்னு சொல்றதுக்காக."

"கூலிக்காரங்க யாராச்சும் வந்துக்கறாங்களா?" என்று கேட்டாள் அத்தை.

டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். "லேதும்மா" என்றார். "எங்க கட்டடம் கட்னதிலேர்ந்து உங்க பக்கத்து ஆளு ஒருத்தருகூட வந்ததில்ல. உங்க ஊட்டுக்காரருதான் மொதல்ல. கேக்கறதுக்கு அவருக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அங்க வந்துட்டா நான் அவர அண்ணன் தம்பின்னுதான் கூப்புடணும். எல்லாரும் அப்டிதான் கூப்புடணும்."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர், "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார்.

அத்தை நகரவில்லை. மாமாவைப் பார்த்தாள். மாமாவும் அவளைப் பார்த்தார். ஒரு தம்ளர் தண்ணீருக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது. கடைசியில் அவள் உள்ளே போய், தம்ளரைப் புளி போட்டுத் தேய்க்கும் சத்தம் கேட்டது. தேய்த்த தம்ளரையே திரும்பவும் தேய்த்தாள்.

மாமா மறுபடியும் அந்தப் பங்களாவுக்குப் போனார். சட்டைக்கு அத்தைதான் இஸ்திரி போட்டாள். சில வருடங்கள் கழித்துக் கூழ்க் கம்பெனி வேலையாகச் சிங்கப்பூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். சிங்கப்பூரில், லண்டனில், இன்னும் எங்கெங்கோ, அதே சின்னம் பொறித்த கட்டடங்களுக்கு முன்னால் நின்று எடுத்த படங்களை அவர் எனக்கு அனுப்பியிருக்கிறார். சில கட்டடங்கள் எங்கள் கலெக்டர் ஆபீஸைப்போல நாலு மடங்கு. உள்ளே தரை கறுப்பும் வெள்ளையுமாக இருக்குமாம்.

ஆனால் அன்று எங்கள் வீட்டில், டாக்டர் தம்ளரை உதட்டில் வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு அதை அத்தையின் கையிலேயே கொடுத்தார். மாமா வாசல் வரை கூடப் போனார். நான் தலைவெட்டிகளும் நம்மைப்போலவே தண்ணீர் குடிக்கிறார்களே என்று அதிசயப்பட்டுக்கொண்டிருந்தேன். சமையலறைக்குள் திரும்பிய அத்தை, அந்தக் காலித் தம்ளரைக் கழுவப் போடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்து அழுதாள். அவர் தண்ணீரைக் குடித்ததில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.