இறால் பிரட்டலும் இருபது மணித்தியாலமும்

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு ஆகாய வழியில் ஏறக்குறைய பதினாலாயிரம் கிலோமீட்டர். வழியில் ஓரிடத்தில் இறங்கி ஏறினால் இருபது மணித்தியாலம் சொச்சம். போனில் தட்டி, வந்ததை மனைவிக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பெரிய ஆள் மாதிரி இருந்தேன். அந்தப் பெருமையில்தான் காரியம் கெட்டது.

மகள் அங்கே பிள்ளைத்தாய்ச்சி, மூன்றாம் மாதம். சோறு, பாண் எதுவும் வயிற்றில் தங்கவில்லை, எல்லாம் சத்தி. மெலிந்துபோன முகத்தைப் போனில் பார்க்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் அவளே, "அம்மா, உங்கட இறால் பிரட்டல் எண்டால் ஒரு பிடி சாப்பிடுவன்போல கிடக்கு" என்றாள்.

அந்தக் கிழமை பக்கத்து வீட்டு அக்கா ரொறன்ரோவிலுள்ள தன் மகனிடம் போகவிருந்தா. ஒரு பார்சல் கொண்டுபோகச் சம்மதித்தா.

"இஞ்சேருங்கோ, எத்தினை மணித்தியாலம் கறி தாங்கவேணும்? கனநேரம் எண்டால் கருவாடு பொரிச்சு விடுவம்" என்றாள் மனைவி.

"இருபதுதான். கருவாடு என்னத்துக்கு?" என்றேன்.

எங்கள் ஊர் உடையார்கட்டிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய் இறால் வாங்கி வந்தேன். மனைவி தண்ணீர் வற்ற வற்றப் பிரட்டினாள். சந்திக் கடைக்காரரின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஓரிரவு வைத்து, கல்லாய் இறுகியதும் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் மகள் போன் எடுத்தாள். "நல்ல ருசி அம்மா. முழுக்க முடிஞ்சுது. தாங்ஸ் அம்மா."

நான் துள்ளாத குறை. மனைவி போனை வைத்தாள்.

"அவள் சாப்பிடேல்லை."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு எப்பயாவது தாங்ஸ் சொன்னவளே?"

அப்போதுதான் பென்சிலை எடுத்தேன். உடையார்கட்டிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வாகனத்தில் எட்டு மணித்தியாலம். விமான நிலையத்தில் காத்திருப்பு மூன்று. அதற்குப் பிறகுதான் என்னுடைய இருபது. அக்கா தன் மகன் வீட்டில் போய் இறங்க, எங்கள் மகள் வேலை முடிந்து அடுத்த நாள் பின்னேரம்தான் போய் எடுத்திருக்கிறாள். நான் விமானத்தை மட்டும் எண்ணியிருக்கிறேன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. வீடியோவில் மகளைக் கூப்பிட்டேன்.

"பிழை என்ரை, பிள்ளை. கறி பழுதாப் போச்சுதோ?"

"ஓம் அப்பா. திறக்கேக்கையே மணந்தது."

"எறிஞ்சிட்டியே?"

"இல்லை. பிரிட்ஜுக்குள்ள கிடக்கு. அம்மா சமைச்சது, எறிய மனம் வரேல்லை."

மனைவி போனைப் பறித்தாள். "விசரி, அதை வாயில வைச்சிடாதை! இப்பவே எறி. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

மகள் எழுந்துபோய்ப் பார்சலை எடுத்து வந்தாள். குப்பைவாளிக்கு மேலே பிடித்தபடி நின்றாள். பிடியை விடவில்லை. இங்கே இவளும் இரண்டாம் முறை 'எறி' என்று சொல்லவில்லை.