பேசாமல் போட்ட வளையல்

என் மகளுக்கு வளைகாப்பு வைப்பது என்று முடிவானபோது நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ வார்டில்தான் அவளுக்கு டியூட்டி. அவளைக் கட்டிக் கொடுத்தது ஆலங்காயத்தில். மாப்பிள்ளை வாத்தியார், நல்ல பிள்ளை. கர்த்தர் கிருபையால் கல்யாணமான மறுவருடமே அவள் உண்டானாள்.

ஏழாம் மாதம் எங்கள் வீட்டில்தான் விசேஷம். பெண் வீட்டார் செய்ய வேண்டியது. தேதி பார்த்துச் சொல்லலாம் என்று அவளைக் கேட்டபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"வைக்கலாம்பா. ஆனா ஒண்ணு. பையன் பொறக்கணும்னு யாரும் சொல்லக் கூடாது. பொண்ணு பொறக்கணும்னும் சொல்லக் கூடாது."

என் மனைவி சிரித்துவிட்டாள். "வளைகாப்புல வேற இன்னாடி சொல்வாங்க? வெயில் ஜாஸ்தியா இருக்குதுன்னா?"

மகள் சிரிக்கவில்லை. வார்டில் நடந்ததை அப்போதுதான் சொன்னாள். பிரசவத்துக்கு வந்த ஒரு பெண், தன் வளைகாப்பு போட்டோக்களைச் சின்ன ஆல்பமாகக் கொண்டுவந்து நர்ஸ்களுக்கெல்லாம் காட்டினாளாம். ஒவ்வொரு படத்தையும் காட்டி, இவங்க பையன்னு சொன்னாங்க, இவங்களும் பையன்னு சொன்னாங்க என்றாளாம். பிறந்தது பெண். குழந்தையைத் துடைத்துப் பக்கத்தில் வைத்தபோது அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். வெளியே காத்திருந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் டீ குடிக்கப் போகிறோம் என்று போனவர்கள் சாயந்தரம் வரை வரவில்லையாம்.

"வளையல் சத்தம் வயித்துல இருக்கற குழந்தைக்குக் கேக்கும்னுதானே போடறீங்க? அப்ப நீங்க பேசறதும் கேக்குமே. பொண்ணா இருந்தா, ஊரே தன்னை வேணாம்னு சொல்றத உள்ள இருந்தே கேட்டுக்கிட்டு இருக்குமே. அந்த மாதிரி விசேஷம் எனக்கு வேணாம்பா."

நான் எட்டாவது வரைதான் படித்தவன். அன்று ராத்திரி ஜெபத்தில் இதையும் சேர்த்துச் சொன்னேன். அவளுடைய மனசு நோகாமல் இது நடக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்கத் தோன்றியது.

மற்றவர்கள் வாயை என்னால் கட்ட முடியாது. அலங்காரமாவது நம் கையில் இருக்கிறதே என்று அதை நானே எடுத்துக்கொண்டேன். இங்கேதான் என் கம்பெனி புத்தி குறுக்கே வந்தது. எங்கள் செக்‌ஷனில் வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைகள் ஷூவுக்குப் பெண் பிள்ளை என்றால் ரோஸ் ஸ்டிக்கர், ஆண் பிள்ளை என்றால் நீல ஸ்டிக்கர். மாற்றி ஒட்டினால் மொத்த லாட்டும் திரும்பி வரும். வருடக்கணக்கில் அதையே பார்த்த கண்ணுக்கு நீலம் என்றால் பையன், ரோஸ் என்றால் பொண்ணு. ஆகவே பந்தலில், சேரில், பலூனில், எங்கேயும் நீலமும் ரோஸும் வரக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன்.

"நீலம் ஆம்பளையா? யார் சொன்னா?" என்றாள் மனைவி. "அப்ப இத்தன வருஷமா நான் கட்டுன நீலப் பொடவயெல்லாம் யாருது, உங்களுதா?"

நான் விடவில்லை. ஷூவைச் சுற்றி வைக்கும் மெல்லிய காகிதத்தில், பிரிண்ட் சரியில்லை என்று ஒதுக்கிய மஞ்சள் தாள் ஒரு மூட்டை கிடந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினேன். கேட்காமல் எடுத்துவந்தால் அப்புறம் வீட்டில் எப்படி முழங்கால் போட்டு ஜெபிப்பது. அந்தத் தாளை மடித்து, நடுவில் நூல் கட்டி, இதழ் இதழாக விரித்தால் சாமந்தி மாதிரி பூ வரும். ஒரு வாரம் வேலை முடிந்து வந்ததும் அதுதான் வேலை. மகள் சேரில் சாய்ந்தபடி நூல் வெட்டிக் கொடுப்பாள். பச்சைத் தாளில் இலை செய்தோம். சேருக்குப் பின்னால் கட்ட மனைவியின் மாம்பழ நிறப் பட்டுப் புடவை ஒன்று இருந்தது.

படம் ஒன்று வேண்டியிருந்தது. பிள்ளைத்தாச்சி வீட்டில் கொழுகொழு குழந்தைப் படம் மாட்டுவது எல்லார் வீட்டிலும் வழக்கம். வேலூர் லாங் பஜாருக்கு வளையல் வாங்கப் போன அன்று படக்கடைக்கும் போனேன். கடைக்காரர் ஒரு பாய். சுருளைச் சுருளாக விரித்துக் காட்டினார்.

"இது பையன் மாதிரி இருக்குது பாய். பாத்தா பையனா பொண்ணான்னு தெரியக் கூடாது."

"இன்னா அண்ணே இது பேஜாரு! எல்லாரும் வந்து பையன் படம் குடுன்னு கேப்பாங்க. சில பேர் பொண்ணு கேப்பாங்க. ரெண்டும் வேணாம்னு கேக்கற மொத ஆளு நீங்கதான்."

கடைசியில் அவரே யோசித்து ஒன்றை எடுத்தார். சட்டை போட்ட பையனும் கவுன் போட்ட பொண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படம். "ரெண்டும் இருக்குது. யாரும் கோச்சுக்க மாட்டாங்க." எனக்கும் சரி என்று பட்டது. வீட்டில் விரித்ததும் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதப் பாத்தா ரெட்டப் புள்ளைன்னு ஊர் பூரா பேசிடும். ஒண்ணுக்கே இந்தப் பாடு!" மறுபடி வேலூர் போய் மாற்றினேன். கழுத்து வரை போர்வை போர்த்தித் தூங்கும் ஒரு குழந்தை. முகம் மட்டும்தான் தெரியும்.

சம்மந்தி வீட்டை முறையாக அழைக்க நானும் மனைவியும் பழம், பூவோடு ஆலங்காயம் போனோம். விஷயத்தை அங்கே பக்குவமாகச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் பேசி வைத்திருந்தோம். சம்மந்தி அம்மா காபி கொண்டுவந்து வைத்தார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"எங்க வீட்ல மூணு தலமொறையா மொதல் கொழந்த பையன்தான் சம்மந்தி. உங்க பொண்ணு வயித்தப் பாத்தாலே தெரியுது. நான் நேர்ந்துக்கிட்டு இருக்கறேன், ஆலயத்துக்கு மணி வாங்கித் தர்றேன்னு."

நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பி வரும்போது மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்றாள்.

"நீயும்தானே இருந்தே?"

"நான் பேசுனா அது சண்டை. நீங்க பேசுனா அது பேச்சு. அதுக்குத்தானே உங்கள கூட்டிட்டுப் போனது."

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், சொன்னீங்களா என்று. சொல்லலம்மா என்றேன். "சரிப்பா, நானே பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு அதற்கப்புறம்தான் பயம் ஜாஸ்தியானது. சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து போய்விடுவாளோ, மாமியார் வீட்டில் அவளுக்கு வாழ்க்கை கசந்துபோகுமோ என்று. எங்கள் சர்ச் போதகரிடம் போய் இதைச் சொன்னேன். ஜெபத்தில் தாய்க்காகவும் சேய்க்காகவும் மட்டும் வேண்டிக்கொள்கிறேன் என்றார். ஆனால் வளையல் போடும் பெண்களிடம் நான் எப்படிச் சொல்வது என்றார். நியாயம்தான்.

அன்று காலை வீடு மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. நான் செய்த பூவையெல்லாம் வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள், நிஜமா என்று. நீலமும் ரோஸும் இல்லாததை ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. நம் ஊர்ப் பக்கம் நிறத்தில் யார் பையன், பொண்ணு பார்க்கப் போகிறார்கள்? படத்தின் முன்னால் மட்டும் பெண்கள் கூடி நின்றார்கள்.

"நெத்தியப் பாரு, பையன்தான்."

"அந்த உதட்டப் பாத்துட்டுமா சொல்றே? பொண்ணு."

"போர்வய எடுத்துட்டா முடிஞ்சுது போ" என்று ஒரு பாட்டியம்மா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். காகிதக் குழந்தையைப் பற்றிப் பேசினால் அவளுக்கு ஒன்றும் இல்லை.

போதகர் ஜெபித்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஒரு பாட்டுப் பாடினோம். முதல் வளையல் மாமியார் போடுவதுதான் முறை. சம்மந்தி அம்மா அரக்கு நிறப் பட்டில், கையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். நான் வாசற்படியில் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் என்னால் நகர முடியவில்லை.

"எங்க வீட்டுக்கு ஒரு சிங்கக்குட்டி..." என்று அவர்கள் உரத்த குரலில் ஆரம்பித்தார்கள்.

மகள் நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. குரலும் உயரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"அத்த, உள்ள இருக்கறது கேட்டுக்கிட்டு இருக்கும். அது எதுவா இருந்தாலும் நம்ம குழந்த. இது வேணும் அது வேணும்னு சொல்லாதீங்க. சொல்ல வேற ஒண்ணும் இல்லன்னா பேசாம போடுங்க, நான் சந்தோஷமா போட்டுக்கறேன்."

சம்மந்தி அம்மா முகம் சிவந்துபோனது. என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். வளையலைத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டுப் போகப் போகிறார்கள் என்றே நினைத்தேன். அவர்கள் உதட்டை இறுக்கிக்கொண்டார்கள். மகளின் கையைத் தூக்கி, ஒவ்வொன்றாக வளையலை ஏற்றினார்கள். கன்னத்தில் சந்தனம் வைத்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார்கள்.

அடுத்துதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு மகள் பேசியது கேட்கவில்லை. மாமியார் வாயைத் திறக்காமல் போட்டதைத்தான் பார்த்தார்கள். முதலில் போடுகிறவர் எப்படியோ அப்படியேதான் மற்றவர்களும் செய்வார்கள். ஆலங்காயத்துப் பக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று எங்கள் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆம்பூரில் இதுதான் வழக்கம் என்று சம்மந்தி பக்கத்து ஆட்கள் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பீவியம்மா என் மனைவி காதில், "உங்க சர்ச்சுல வளையல் போடும்போது பேசக் கூடாதா அக்கா?" என்று கேட்டார்கள். மனைவி தலையை ஆட்டிவைத்தாள். அவர்களும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்ப் பேசாமல் போட்டுவிட்டு வந்தார்கள்.

ஒவ்வொருத்தராக வந்தார்கள், குனிந்தார்கள், போட்டார்கள், போனார்கள். அத்தனை பெண்கள் இருக்கும் வீட்டில் வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது. வேறு எந்த வளைகாப்பிலும் அந்தச் சத்தத்தை நான் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். கர்த்தாவே, இது இப்படியே முடியட்டும் என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது யாரோ கூட்டிவந்த ஒரு சின்னப் பெண் குழந்தை சத்தமாகக் கேட்டது: "அம்மா, ஏன் யாருமே பேசல? யாராவது செத்துட்டாங்களா?"

அதன் அம்மா பதறிப்போய் வாயைப் பொத்தினாள். விசேஷ வீட்டில் கேட்கிற கேள்வியா. முதலில் சிரித்தது சம்மந்தி அம்மாதான். அடக்கிப் பார்த்து முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அப்புறம் வீடே சிரித்தது. மகள் கண்ணைத் திறந்து பார்த்து, அவளும் சிரித்தாள்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது நான் உள்ளறைக்கு அப்பளம் கொண்டுபோனேன். சம்மந்தி அம்மா மகளுக்கு எதிரே உட்கார்ந்து தயிர்ச் சாதம் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கோவத்துலதான் பேசாம இருந்தேன்" என்றார்கள். "பொய் சொல்ல மாட்டேன். மருமக சபையில இப்படிச் சொல்லிட்டாளேன்னு இருந்துச்சு."

மகள் வாயிலிருந்த சாதத்தை விழுங்காமல் பார்த்தாள்.

"ஆனா வாயத் தொறக்காம எப்படி ஆசீர்வாதம் பண்றது? மனசுல ஏதாவது சொல்லித்தானே ஆவணும். வளையல் ஏத்தும்போது உன் கை வீங்கி இருந்துது, ஏறவே இல்ல. இவ நல்லபடியா எழுந்து வந்தா போதும் ஆண்டவரேன்னு சொன்னேன். வேற ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல கண்ணு. சாப்டு."

மகள் சாப்பிட்டாள். நான் அப்பளத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே, அவள் டியூட்டி பார்த்த அதே வார்டில் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. இருவரும் நலம். ஆலங்காயத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். சம்மந்தி அம்மாதான் எடுத்தார்கள். "தாய்க்கு எப்படி இருக்குது?" என்று கேட்டார்கள். மத்தியானத்துக்குள் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள்.

குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூணு தலைமுறைக் கணக்கு மனசில் ஓடியிருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா கொழந்த?" என்று கேட்டார்கள்.

"பொண்ணு" என்றார்கள் சம்மந்தி அம்மா. வார்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. குரல் கொஞ்சமும் கம்மியாகவில்லை. மகள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.