இருபத்துநான்கு பாத்திகளிலும் மும்மூன்று கதிர்

1986 ஜனவரி 22, புதன்கிழமை. காலை 5.15க்கு எழுந்தேன். 6.40க்குப் பண்ணைக்குப் போய் மழைமானியைப் பார்த்தேன், மழை இல்லை. வெப்பமானி இரண்டையும் வாசித்துப் பதிந்தேன். பியோன் கொண்டுவந்த பால் விடாத பிளேன்டியைக் குடித்துவிட்டு 7.05க்குப் பதிவுப் புத்தகத்துடன் வயலுக்குள் இறங்கினேன். இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. இதற்குப் பின்னால் உள்ள பக்கத்தில் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். அதை எழுதும்போது என் கால்சட்டை நனைந்திருந்தது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், மண்டூருக்கு வடக்கே, அரசாங்கத்தின் சிறிய நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் நான் எழுதுவினைஞராக, அதாவது கிளாக்கராக இருந்தேன். பரிசோதனை வயலில் எட்டு நெல்லினங்கள், ஒவ்வொன்றும் மூன்று பாத்திகளில், ஆக இருபத்துநான்கு பாத்திகள். எந்த இனம் கூட விளைகிறது என்று நிறுத்துப் பார்ப்பதுதான் வேலை. வெள்ளிக்கிழமை அறுவடை. அதனால் அந்த வாரம் களையெடுக்கும் பெண்களுக்கு வேலை இல்லை. வயல் வடிந்து காய்ந்துகொண்டிருந்தது.

முதலாம் பாத்தியின் வடகிழக்கு மூலையில் மூன்று தாள்கள் கதிரில்லாமல் நின்றன. மாடு கடித்தால் நார் தொங்கும். இது கதிர் அரியும் தாக்கத்தியால் வெட்டிய சுத்தமான வெட்டு. இரண்டாம் பாத்தியிலும் அதே மூலையில் மூன்று. மூன்றாவதிலும் மூன்று. இருபத்துநான்கு பாத்திகளையும் சுற்றி முடிக்க 8.20 ஆகிவிட்டது. ஒரு பாத்தியும் தப்பவில்லை. ஒன்றில்கூட இரண்டோ நான்கோ இல்லை.

என்னைப் பயமுறுத்தியது அந்த ஒழுங்குதான். பசியில் வெட்டியவன் ஓரிடத்தில் அள்ளிக்கொண்டு போயிருப்பான். இதைச் செய்தவன் பரிசோதனையின் வரைபடம் தெரிந்தவன், கணக்கைக் கெடுக்க வந்தவன் என்று முடிவு செய்தேன். நானே ஒரு வேலையைக் கெடுக்க நினைத்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பேன்.

அந்த நாட்களில் இது சின்ன விஷயம் இல்லை. அவசரகாலச் சட்டத்தின் கீழ் எங்களுக்கு ஒரு சுற்றுநிருபம் வந்திருந்தது. விதைக் களஞ்சியம், பரிசோதனை வயல், ஆய்வுகூடம், நீரிறைக்கும் இயந்திரம் இவற்றில் எதற்குச் சேதம் வந்தாலும் ஒரு நாளுக்குள் பொலிசுக்கு முறைப்பாடு போகவேண்டும். செய்தவருக்குப் பிணை கிடையாது. அதைத் தமிழில் தட்டச்சு செய்து அறிவித்தல் பலகையில் ஒட்டியவனே நான்தான். அந்தச் சட்டம் தேவையில்லை என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. எங்கள் ஆராய்ச்சி அலுவலர் யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு அவர் வேலை பார்த்த பண்ணையில் விதைக் களஞ்சியத்துக்கு யாரோ நெருப்பு வைத்துவிட்டார்கள். பல வருடங்களாகப் பெருக்கி வந்த விதை ஒரே நாளில் கரியாகிவிட்டது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசியிருக்கிறார். பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போனார்.

முறைப்பாட்டுப் படிவத்தில் சேதத்தின் காரணம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன: இயற்கை, விலங்கு, நாசவேலை. மூன்றாவதில் சரி போட்டேன். அலுவலர் வாசித்துக் கையெழுத்து வைத்தார். இரவுக் கடமையிலிருந்த காவலாளியின் கையெழுத்தும் வேண்டும். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை ஆளனுப்பிக் கூப்பிட்டோம்.

"ராவைக்கு நான் கண் மூடல்ல ஐயா," என்றார் அவர். "நாலு தரம் சுத்தி வந்தனான். ஒரு குஞ்சு குருமானையும் காணல்ல."

"அதையும் எழுதியிருக்கிறன். கீழே கையெழுத்து வையுங்கோ," என்றேன்.

அவர் வைத்தார். அலுவலரைத் தவிர படிவத்தில் இருந்த ஒரே பெயர் அவருடையது. பொலிஸ் வந்தால் முதலில் யாரைத் தேடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் காலத்தில் ஒருவரை ஜீப்பில் ஏற்றினால் அவர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் விதி விதிதான் என்று எண்ணிக்கொண்டேன். முறைப்பாட்டுக்கு மறுநாள் காலைவரை அவகாசம் இருந்தது. நான் அன்றைக்கே பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, 1.40க்குப் பியோனிடம் கொடுத்தனுப்பினேன். பண்ணையிலிருந்து இரண்டரை மைலில் துறை. அங்கிருந்து 2.30 தோணி, பொலிஸ் நிலையம் இருக்கும் அக்கரைக்குப் போகும்.

2.05க்குக் காவலாளியின் மனைவி அலுவலக வாசலில் வந்து நின்றார். களையெடுக்கும் பெண்களுக்குத் தலைவி அவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டு ஓடிவந்திருந்தார், பேச மூச்சு வரவில்லை.

"தம்பி, அது நான்."

"எது அக்கா?"

"கதிர் வெட்டினது. விடியச் சாமம் மனிசனுக்குத் தேத்தண்ணி கொண்டந்து குடுத்தன். அவர் குடிச்சிக்கிட்டு இருக்கக்குள்ள நான் அங்கால போய் வெட்டினன். அவருக்குத் தெரியா."

"ஏன் வெட்டினீங்க?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பூசம் வருகுது. வெள்ளிக்கிழமை வெட்டு. புதிர் எடுக்காம வயல்ல ஆரும் தாக்கத்தி வெப்பாங்களா?"

எங்கள் பக்கத்தில் எந்த வயல்வட்டையிலும் அறுவடைக்கு முன் நல்லநேரம் பார்த்து, வடகிழக்கு மூலையில் சில கதிர்களை அரிந்து வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சாமிக்கு முன் வைத்துவிட்டு, அந்தப் புது நெல்லில் சோறு ஆக்குவார்கள். அதுதான் புதிர். நானும் அந்த ஊர்ப்பக்கத்தில் பிறந்தவன்தான். என் தகப்பனார் எடுத்திருக்கிறார். ஆனால் அரசாங்க வயலுக்கும் புதிர் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அதுக்கு ஒரு பாத்தியில எடுத்தாப் போதாதா? இருபத்துநாலிலயும் ஏன்?"

"நீங்கதானே தம்பி ஒவ்வொண்டுக்கும் பலகை நட்டு நம்பர் போட்டு வெச்சிருக்கிறீங்க? அப்ப அது இருவத்திநாலு வயல். ஒண்டுல எடுத்து மத்தத விட்டா அது என்ன முறை?"

மணி 2.10. அலுவலகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

துறையை அடைந்தபோது 2.31. தோணி கரையைவிட்டு இருபது முப்பது யார் போய்விட்டது. பியோன் நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டேன், காற்றில் கேட்கவில்லை. அந்த இடத்தில் வாவி ஆழமில்லை என்று தெரியும். சப்பாத்தைக் கழற்றிக் கரையில் சோடியாக வைத்துவிட்டு இறங்கினேன். முழங்கால், இடுப்பு, பிறகு நெஞ்சு. கைக்கடிகாரம் நனையாமல் ஒரு கையை மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.

தோணிக்காரர்தான் முதலில் கண்டார். தாங்கு கம்பை ஊன்றித் தோணியை நிறுத்தினார்.

"என்ன கா கிளாக்கர், மண்டூர்க் கந்தனுக்கு நேர்த்தியா? தீர்த்தத்துக்கு இன்னும் நாள் கிடக்கே! உடுப்போட முழுகிறீங்க!"

தோணி முழுவதும் சிரித்தது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "பையைத் தா," என்றேன் பியோனிடம்.

அவன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "ரசீது சேர்?"

"என்ன ரசீது?"

"முத்திரை வெச்ச பையை ரசீது இல்லாம ஆருக்கும், எனக்கே கூட, குடுக்கக் கூடாது எண்டு நீங்கதான் சேர் சொன்னீங்க. இரண்டு தரம் ஏசியும் இருக்கிறீங்க."

நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி, அவன் நீட்டிய புத்தகத்தில் ரசீது எழுதிக் கையெழுத்து வைத்தேன். நேரமும் போட்டேன்: 2.38. தோணிக்காரர், "அப்பிடியே முத்திரையும் குத்துங்க கா," என்றார். பையைத் தலையில் வைத்துக்கொண்டு கரையேறினேன்.

பையை நான் உடைக்க முடியாது. அந்த முத்திரையை உடைக்க அலுவலருக்கு மட்டுமே அதிகாரம். பண்ணைக்கு வந்து 3.15க்கு அவருடைய மேசையில் வைத்தேன். அந்தப் பெண் அதே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன காணும், நனைஞ்சு போய் நிக்கிறீர்?"

நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. பேரையும் சேர்த்து எழுதி நாளைக்கு அனுப்பும்."

வாவிக்குள் இறங்கியதெல்லாம் இதற்காகவா என்று இருந்தது. அந்தப் பெண் உள்ளே வந்துவிட்டார்.

"ஐயா, நான் கொள்ளி வெக்கல்ல. கதிர்தான் எடுத்தன். அந்தப் பயிருக்கு நாலு மாசமா குனிஞ்சு நிமிந்தது நான்."

கொள்ளி என்ற சொல்லைக் கேட்டதும் அலுவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சுற்றுநிருபக் கோப்பைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து வாசித்துக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"'நாசமாக்கும் நோக்கத்துடன்'. இதை நீர்தானே தட்டச்சு செய்தீர்?"

"ஓம் சேர்."

"படிவத்தில நோக்கம் எண்டு ஒரு கட்டம் இருக்கோ?"

"இல்லை சேர்."

"நெருப்பு வைக்கிறவனுக்கு எழுதின சட்டம் இது. சரி, நோக்கம் இல்லை எண்டு வைப்பம். சேதம்? கதிர் போனது எத்தனையாவது வரிசையில?"

பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். எண்ணிக்கையைக் குறித்திருந்தேன், மூலையைக் குறித்திருந்தேன், வெட்டின் சாய்வைக் கூடக் குறித்திருந்தேன். வரிசையைக் குறிக்கவில்லை. அதுதான் முக்கியமானது. ஒவ்வொரு பாத்தியிலும் வெளியே உள்ள இரண்டு வரிசைகளை நாங்கள் நிறுப்பதே இல்லை. ஓரத்துப் பயிருக்கு வெயிலும் காற்றும் கூடக் கிடைக்கும் என்பதால் அதைத் தனியே வெட்டி ஒதுக்கிவிடுவோம். ஓர வரிசையில் போன கதிர் பரிசோதனைக்குப் போன கதிர் அல்ல. பதினான்கு வருடம் அந்த வேலை பார்த்த எனக்குக் காலையில் அது நினைவுக்கு வரவில்லை. பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

மூவரும் வயலுக்குப் போனோம். நான் குனிந்து வரிசையை எண்ணிச் சொல்ல, அலுவலர் எழுதினார். முதலாம் வரிசை, முதலாம் வரிசை, இரண்டாம் வரிசை. முதல் பதினாறு பாத்திகளும் சரியாக வந்தன. பதினேழில் வெட்டு மூன்றாம் வரிசையில் இருந்தது.

"இதென்ன அக்கா, இதில மட்டும் உள்ளுக்குப் போயிருக்கிறீங்க?"

"ஓரத்தில எலி திண்டு வெச்சிருக்குது, பாருங்க. சாமிக்கு எலிட மிச்சத்தையா குடுக்கிற?"

அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டதை அப்போதுதான் கண்டேன். மிச்சம் ஏழும் ஓர வரிசையில்தான் இருந்தன. ஆகவே பரிசோதனைக்குப் போனது பதினேழாம் பாத்தியின் மூன்று கதிர்கள் மட்டும்.

"அந்த மூண்டையும் நிறுத்து, பாத்தியின்ட கணக்கில சேர்த்தால் காரியம் முடிஞ்சுது. கொண்டு வாரும்," என்றார் அந்தப் பெண்ணிடம்.

"சாமிக்குக் குடுத்தத திருப்பி எடுக்கேலாது ஐயா. சாமித் தட்டுல வெச்சிட்டன்."

"திருப்பித் தரவேண்டாம். நிறுத்துப்போட்டுத் தருவம்."

அந்தப் பெண் வீட்டுக்குப் போய் வெள்ளைத் துணி முடிச்சுடன் 4.30க்கு வந்தார். மும்மூன்றாக வைக்கோலால் கட்டிய இருபத்துநான்கு சிறு கட்டுகள் உள்ளே இருந்தன. பதினேழாம் பாத்தியின் இனம் வேறு இரண்டு பாத்திகளிலும் உண்டு. எது எந்தப் பாத்தி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு கட்டை எடுத்து நீட்டினார். "இது பள்ளத்துப் பாத்தி. தண்ணி நிண்ட தாள், நிறம் மங்கிக் கிடக்கு. மத்த ரெண்டும் மேட்டில." வரைபடத்தைப் பார்த்தேன். பதினேழுதான் பள்ளம்.

அலுவலர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசுக்கு முன்னால் வந்தார். நானும் கழற்ற நினைத்தேன், வெறுங்காலுடன்தான் நின்றிருந்தேன். சப்பாத்து இன்னும் துறையில் இருந்தது. மூன்று கதிரும் எட்டுக் கிராமுக்குச் சற்றுக் கூட. பதிந்தேன். கட்டை இரு கையாலும் திருப்பிக் கொடுத்தேன்.

அலுவலர் முத்திரையை உடைத்துப் படிவத்தை எடுத்தார். கிழிக்கவில்லை, கிழித்தால் நான் விட்டிருக்கவும் மாட்டேன், அதற்குப் பதிவிலக்கம் இருந்தது. குறுக்கே கோடிட்டு, "பரிசோதனைக்குச் சேதமில்லை, நாச நோக்கமில்லை, அனுப்பப்படவில்லை" என்று எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். கோப்பில் சேர்த்தேன். பிறகு அந்தப் பெண்ணிடம், "அடுத்த போகம் எடுக்கிறதுக்கு முதல் எனக்குச் சொல்லவேணும். ஓர வரிசையில மட்டும்," என்றார்.

"எலி தின்னாம நீங்க பாத்துக்கொண்டா ஓர வரிசையில எடுக்கலாம் ஐயா."

அந்தப் பெண் அதன்பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. மாலை ஆறு மணிக்குக் காவலாளி கடமைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. வீட்டில் இருந்தபோது மனைவி வந்து முடிச்சை எடுத்துக்கொண்டு போனதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப பொலிசு வராதா?"

"வராது."

பையைத் திறந்து காட்டினார். மாற்றுச் சாறன் ஒன்று, துவாய், குளிக்க ஒரு கட்டிச் சவுக்காரம். "கூட்டிக்கொண்டு போனா உதவும் எண்டு கட்டி வெச்சன்," என்றார்.

அவருடைய மனைவி கையை நீட்டினார். "சவுக்காரத்தத் தாங்க. வீட்டுல அது ஒண்டுதான் கிடந்தது. முடிச்சு எடுக்கப் போகக்குள்ள தேடித் தேடிக் களைச்சுப் போனன்."

அவர் கொடுத்தார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கண் கலங்கியதை அவர்கள் காணவில்லை என்று நினைக்கிறேன். சைக்கிளில் துறை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சப்பாத்து வைத்த இடத்திலேயே சோடியாக இருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் காவற்கொட்டிலுக்குப் போனேன். காவலாளி விழித்துக்கொண்டுதான் இருந்தார். இரவுக் கடமைப் புத்தகத்தை அவர்முன் விரித்து வைத்தேன். "விசேடம் இல்லை" என்று எழுதி, பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே நானும் வைத்தேன். அவர் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, தூங்குவதற்காக வரம்பு வழியே வீட்டுக்குப் போனார்.