வாவியில் ஊறப்போட்ட துவக்கு

அது துவக்கு அல்ல, சுடுகிற சாமானே அல்ல. குழாய்க்கிணற்றுக் குழாய்! அதைத் துவக்கு என்று பொலிசில் வாக்குமூலம் கொடுத்தவன் நான். அந்தப் பொய்யினால் ஒரு நல்ல மனிதன் தன் தோணியை இழந்து நிற்கிறான்.

சொல்லிவிட்டேன். நீங்கள் இனிக் காறித் துப்பலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுத் துப்புங்கள். பாதியில் துப்பினால் மீதிக்கு எச்சில் போதாது.

ஆரையம்பதியில் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். கேற், யன்னல் கம்பி, கோழிக்கூடு... இவைதான் என் தொழில். ஆனால் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயர் 'துவக்குக் கொல்லன் வீடு'. என் பூட்டனார் துவக்குச் செய்தவர் என்று ஒரு பேச்சு. சண்டைக் காலத்தில் அந்தப் பெயர் காதில் விழுந்தாலே என் அப்பா முந்திக்கொள்வார். "நாங்க மம்பட்டி அடிக்கிற ஆக்கள் ஐயா, மம்பட்டி!" என்று கேட்காதவனிடமும் சொல்லுவார்.

உண்மையில் பூட்டனார் என்ன செய்தார்? படுவான்கரையில் வயல் வைத்திருந்த போடிமாரின் துவக்குகளுக்கு உடைந்த கட்டையை மாற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான்! ஒரு துவக்கைக்கூட அவர் முழுதாகச் செய்ததில்லை என்று அப்பாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த உண்மையோடு நான் நிம்மதியாகச் செத்திருப்பேன். என் மகள் தர்சினி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போனாள்... அங்கே பிடித்தது சனி.

கடைசி வருட ஆய்வுக்கு அவள் எடுத்த தலைப்பு, நம் நாட்டு உருக்குத் தொழிலும் அதோடு ஒட்டியிருந்த துவக்குத் தொழிலும் எப்படி அழிந்தன என்பது. கடையில் என் பக்கத்தில் வந்திருந்து கதை கதையாகச் சொல்லுவாள். முன்னொரு காலத்தில் நம்மவர்கள் மண்ணைத் தோண்டி இரும்புக் கல் எடுத்தார்களாம்; களிமண் உலையில் கரி போட்டுத் துருத்தி ஊதி உருக்கு எடுத்தார்களாம். பிறகு கப்பலில் மலிவு இரும்பு வந்து இறங்க, உலைகள் அணைந்துபோயினவாம். கொல்லர்கள் வாங்கிய இரும்பில் துவக்கு அடித்தார்களாம். அதற்கும் லைசென்ஸ் சட்டம் வந்து வாயை அடைத்ததாம்.

"கடைசியில என்னகா மகள் ஆச்சு?" என்று கேட்டேன்.

"கடைசியில நீங்க, அப்பா. லொறி வில்லுத் தகட்டில கத்தி அடிக்கிறீங்க, சீனாக் கம்பியில கேற் செய்யிறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆயிரம் வருடக் கதை என் கோழிக்கூட்டில் வந்தா முடிய வேண்டும்? அதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய சிநேகிதிகள் வீட்டுக்கு வந்திருந்தபோது "அப்பா வெல்டிங் வேலை" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நான் குசினிக்குள் நின்று கேட்டேன். அந்தத் தாழ்ந்த குரல்... அதுதான் என்னைக் கெடுத்தது.

"நம்மட பூட்டனார் உலை வச்சு உருக்கு எடுத்தவர். அந்த உருக்கில துவக்கும் செய்தவர்" என்றேன். வாய் தானாகப் பேசியது!

"அப்பா! உண்மையாவா? இப்ப அந்தத் துவக்கு எங்க?"

"சண்டைக்குப் பயந்து அப்பப்பா வாவிச் சேத்துக்குள்ள தாட்டுட்டார். இடம் எனக்குத் தெரியும். எடுத்துத் தாறன்."

அவள் கண்கள் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெற்ற மகள் தன்னை ஒரு பெரிய மனிதனாகப் பார்க்கும் பார்வை! அதற்காக எவன்தான் ஒரு குழாயைத் தொட மாட்டான்?

தொட்டேன். கடைக்குப் பின்னால் கிடந்த பழைய குழாய்க்கிணற்றுக் குழாயை எடுத்தேன். வெள்ளைப் பூச்சு போக நெருப்பில் வாட்டினேன். சுற்றிச் சுற்றி அடித்து ஒப்பமில்லாமல் ஆக்கினேன். விரலால் இழுக்கிற விசை, மேலே தட்டுகிற குதிரை எல்லாம் ஒட்டினேன். என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. ஒன்றை மட்டும் மறந்தேன். குழாயோடு குழாயைத் திருகிப் பூட்டுகிற புரி ஒரு முனையில் அப்படியே இருந்தது!

துரு வேண்டுமே? வாவியின் உப்புத் தண்ணீரைவிட நல்ல துருப்பிடிப்பான் உலகத்தில் உண்டா? கயிற்றில் கட்டி, கண்டல் ஓரத்துச் சேற்றில் ஆழ்த்திவிட்டு வந்தேன். நன்றாக ஊறட்டும், ஊறுகாய் போல.

ஊறியது. ஊறி முடிந்த நேரம் சாமித்தம்பியின் வலையில் ஏறியது!

சாமித்தம்பி என் பால்ய சிநேகிதன். நண்டும் இறாலும் பிடிக்கிறவன். வேறு எவனாக இருந்தாலும் வலையில் துவக்கு ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் தண்ணீருக்குள் விட்டிருப்பான். நம் வாவியில் என்னென்ன கிடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் பேசாமல் இருப்பதும் அதனால்தான். ஆனால் இவன் நேர்மையாளன் அல்லவா! ஈரச் சாரத்தோடு நேரே பொலிசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர்கள் அவனைப் பாராட்டி, வாங்கில் இருத்தி, எழும்ப விடவில்லை.

இது துவக்கா, என்ன இழவு என்று அவர்களுக்கே குழப்பம். யாரிடம் கேட்பது? துவக்குக் கொல்லன் வீட்டாரிடம்தானே! என் பொய்யை நானே பரிசோதிக்க என்னையே கூப்பிட்டு அனுப்பினார்கள். ஐயோ... சிரிக்காதீர்கள்!

தர்சினியும் கூட வந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருந்தது?

மேசையில் என் குழாய் கிடந்தது. சாஜன் ஐயா அதைத் தொடாமல், பாம்பைப் பார்ப்பது போல எட்டி நின்று பார்த்தார். நான் வாயைத் திறக்கு முன்னமே என் மகள் கத்தினாள்:

"அப்பா! இது அப்பப்பா தாட்ட துவக்கு!"

சாஜன் என் பக்கம் திரும்பினார். "என்ன, துவக்கா?"

'குழாய்.' மூன்று எழுத்து. சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்திருப்போம். சாமித்தம்பி தோணியில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பான். அந்த முனையில் இருந்த புரி என்னைப் பார்த்து இளித்தது. ஒருவருமே அதைக் கவனிக்கவில்லை. நான் மகளின் முகத்தைப் பார்த்தேன்...

"ஓம் ஐயா. துவக்குத்தான். மிச்சம் பழசு. சுடாது" என்றேன்.

"ஆரு தாட்டது?"

"எங்கட அப்பா. அவர் மோசம் போயிட்டார்."

செத்தவரைக் காட்டிக்கொடுத்தேன். மம்பட்டி, மம்பட்டி என்றே உயிர் தப்பி வாழ்ந்த மனிதனை, செத்த பிறகு ஆயுதம் ஒளித்தவனாக ஆக்கினேன்! நானெல்லாம் ஒரு பிள்ளையா?

தாட்டவரைப் பிடிக்க முடியாது. எடுத்தவனைப் பிடித்தார்கள். சாமித்தம்பி பிணையில் வந்துவிட்டான். ஆனால் அரச பகுப்பாய்வு அறிக்கை வரும் வரைக்கும் தவணைக்குத் தவணை கோர்ட்டுக்குப் போக வேண்டும். அவனுடைய தோணியும் வலையும் சான்றுப் பொருள். பொலிஸ் முற்றத்தில் வெயிலில் கிடந்து தோணி வெடித்துக்கொண்டிருக்கிறது. அவன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, இரவல் வீச்சு வலை வீசுகிறான்.

ஒருமுறை மனம் பொறுக்காமல் சாஜனிடம் போனேன். "ஐயா, அது குழாய்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்டைக்குத் துவக்கு, இண்டைக்குக் குழாயா? சிநேகிதனைக் காப்பாத்தப் பொய் சொல்லுறியா? பொய் வாக்குமூலத்துக்கு உன்னைத்தான் முதல்ல உள்ள போடோணும்!"

"இல்லை ஐயா, துவக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் உண்மை சொன்னேன், அதையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்!

மகளின் ஆய்வுக்கு நல்ல பெயர். துவக்கின் படமும் பூட்டனாரின் உலையும் அதில் வந்துவிட்டன. இப்போது சிநேகிதிகளிடம் "எங்கட அப்பாட பரம்பரை..." என்று குரலை உயர்த்திச் சொல்கிறாள். அது குழாய் என்று அறிக்கை வந்தால் சாமித்தம்பிக்குத் தோணி கிடைக்கும். என் மகளின் தலை குனியும். வர வேண்டும் என்று காலையில் அம்மனைக் கும்பிடுகிறேன். வரக்கூடாது என்று பின்னேரம் அதே அம்மனைக் கும்பிடுகிறேன். அம்மனுக்கும் என்னைக் கண்டால் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், சாமித்தம்பிக்கு என் மேல் நன்றி! 'சுடாது' என்று நான் சொன்ன ஒரு சொல்தான் தன்னை மறியல் சிறையில் இருந்து காப்பாற்றியது என்று நம்புகிறான். தண்ணீரில் நடந்து பிடித்த நண்டில் பெரியதாகப் பார்த்து எனக்குக் கொண்டு வருகிறான். நான் என்ன செய்கிறேன்? தின்கிறேன். ஓடு கடித்துத் தின்கிறேன்!

போன கிழமை நான் நண்டுக் கறியோடு சோறு தின்றுகொண்டிருந்தபோது வந்து, தர்சினியிடம் சொன்னான்: "புள்ள, கேஸ் முடியட்டும். நான் கோர்ட்டில கேட்டு அந்தத் துவக்க உனக்கே வாங்கித் தாறன். உங்கட பூட்டன்ட சாமான் அது."

அவள் கண் கலங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அதுதான் நேரம், சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. நான் வாயைத் திறந்தேன்...

"கறிக்கு உப்புக் காணாது" என்றேன்.

நாளைக்குத் தவணை. அவனை ஏற்றிக்கொண்டு போவது நான்தான். என் மோட்டார் சைக்கிளில், ஒவ்வொரு தவணைக்கும். பாலத்தில் காற்று அடிக்கும். பின்னாலிருந்து என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் என் காதுக்குள் அவன் ஒன்றையேதான் சொல்கிறான்:

"மெள்ளப் போ மச்சான். நீயும் இல்லாட்டி எனக்கு ஆரு இருக்கா?"