மயிலம்மாள் ஒத்துக்கொள்ளாத ‘இல்லை’

மயிலம்மாளிடம் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு யாரும் சுலபமாக நகர்ந்துவிட முடியாது. உப்பு இல்லை என்றால், “சாடியில இல்லியா, ஊட்டுலயே இல்லியா?” என்பாள். ஏரிக்கரைப் புளியமரத்தில் பேய் உண்டா இல்லையா என்று எடப்பாடிச் சந்தைக்குப் போகும் வழியில் ஆண்கள் சண்டை போட்டபோது, “பேய் இல்லீன்னு சொல்றவங்களும் சுத்துவழியிலதான் போறீங்க. உங்க காலு நோவறது மட்டும் நெசம்” என்றாள். இரண்டு கட்சிக்காரர்களும் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கணவர் கண்ணுசாமி பேச்சை வளர்க்காதவர். எத்தனை குழந்தைகள் என்று யாராவது கேட்டால், “ஒரே பையனுங்க” என்பார். மயிலம்மாள் எழுந்து உள்ளே போய்விடுவாள். ராசப்பனுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, பேர் வைப்பதற்குள் இறந்திருந்தது. அப்படிப் போன குழந்தைகளை அந்தப் பக்கத்தில் கணக்கில் சேர்ப்பதில்லை. ராசப்பனுக்கே அது தெரியாது.

ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதம் ராசப்பனுக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி, தாலி கட்டுவதற்கு முன்பு மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவளை நிறுத்தி இணைச்சீர் செய்வார்கள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறுதலைப்பு அவளிடம். கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள்.

சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் முறைப்படி கேட்டார். “மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ யாருங்க?”

கண்ணுசாமியின் தம்பி செங்கோடன் முந்திக்கொண்டார். “கூடப்பொறந்தவ இல்லீங்க. எம்பட புள்ள தெய்வநாயகி நிக்குது.”

“பொறந்துச்சுங்க,” என்றாள் மயிலம்மாள். “இப்பத்தான் இல்லை.”

கண்ணுசாமியின் அத்தை முகத்தைச் சுளித்தாள். “நல்ல காரியத்துல போனதைப் பேசறயே, மயிலு.”

“போனதுன்னு நீங்களே சொல்றீங்களே, அத்தை. இல்லாதது எங்க போவும்?”

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அருமைக்காரர் சிரிக்கவில்லை. “அம்மிணி, பொறக்கவே பொறக்காத அக்காளுக்கும் பதில் ஆளு நிறுத்தித்தான் சீர் பண்றோம். எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்லீங்க, மாமா. அது எப்பவுமே காலியா இருந்த எடம். இது ஒருத்தி இருந்துட்டுப் போன எடம். அவளுக்குப் பதிலான்னு ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துங்க. எனக்கு அது போதும்.”

செங்கோடனுக்குக் கோபம் வந்தது. “நல்ல நேரம் போவுது, அண்ணி. அப்பிடி ஒரு புள்ள இருந்ததை இங்க யாரு பார்த்தாங்க?”

பிரசவம் பார்த்தவள் இறந்துவிட்டாள். கூட இருந்த மயிலம்மாளின் தாயும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெற்றவள் சொல் ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று இத்தனை உறவுக்கு நடுவில் விட்டுவிட்டால், அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை என்றுதான் ஆகிவிடும். அவள் அசையாமல் நின்றாள்.

“நான் பார்த்தேன்,” என்றார் கண்ணுசாமி.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் வாழைமரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். “துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனது நாந்தான். காட்டுல குழி வெட்டுனதும் நாந்தான். பெருசா ஒண்ணும் கனமில்லை. ஆனா, கனம் இருந்துச்சு.”

இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பேசி மயிலம்மாள் கேட்டதில்லை.

அருமைக்காரர் சேலைத் தலைப்பை எடுத்துத் தெய்வநாயகியின் கையில் கொடுத்தார். “ராசப்பனோட அக்காளுக்குப் பதிலா, சித்தப்பன் மக தெய்வநாயகி,” என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். தெய்வநாயகி தலைநிமிர்ந்து வாங்கிக்கொண்டாள்.

ராசப்பன் அம்மாவின் பக்கம் குனிந்தான். “எனக்கு அக்காளாம்மா?”

“ஆமாஞ் சாமி. சேலை நழுவுது பாரு, இறுக்கிப் புடி.”