அம்மாவுக்குக் கிடைத்த லைட் வேலை

சென்ற மாதம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் என்னை நானே அவமானப்படுத்திக்கொண்டேன். இது எனக்குப் புதிதல்ல. ஆனால் இம்முறை சாட்சிக்கு என் மகளும் கூட இருந்தாள். தேநீருக்கு ஓடர் எடுக்க வந்த பையன் லிந்துலைப் பக்கத்துப் பிள்ளை. பணிவாகக் குனிந்து, "லைட்டாவா மேடம், ஸ்ட்ரோங்காவா?" என்றுதான் கேட்டான். ஒரு சொல்லில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். நானோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, 'லைட்' என்ற ஆங்கிலப் பெயரடை எங்கெங்கே என்னென்ன பொருளில் வரும் என்று உதாரணங்களோடு அவனுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டேன். மகள் மெனு அட்டைக்குப் பின்னால் குடியேறினாள். பையன் கடைசி வரை அசையாமல் கேட்டான். பிறகு, "அப்ப லைட்டாவே கொண்டாறேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துப் போனான்.

இந்த வியாதி எனக்கு ஆறாம் வகுப்பில் பிடித்தது.

எங்கள் தோட்டம் பொல்பிட்டியவுக்கு மேலே, மேகம் வந்து ஒதுங்குகிற மலையில் இருந்தது. அந்த வருடம்தான் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக இங்கிலிஷுக்கென்றே ஒரு டீச்சர் வந்தார். ஹட்டனிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, மீதி ஏற்றத்தைக் குடையோடு நடந்து ஏறுவார். வந்த வேகத்தில் 'இங்கிலிஷ் டே' வைத்தே தீருவது என்று முடிவெடுத்தார். ஆளுக்கொரு சொல். அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனையையும் மேடையில் ஏறிச் சொல்ல வேண்டும். எனக்கு வந்து வாய்த்தது 'லைட்' என்ற பெயரடை. விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, அது பெயர்ச்சொல் என்று டீச்சர் முதலிலேயே வாயை அடைத்துவிட்டார். என் பேச்சில் முக்கால்வாசி விளக்குத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பிடிவாதம் பிறப்பிலேயே உண்டு. வெளிர் நீலம், இலேசான உறக்கம், தூறல் மழை என்று டீச்சர் கொடுத்த மூன்று நான்கு உதாரணங்களோடு நான் நிற்கவில்லை. தூறல் மழை என்ற ஒன்றை எங்கள் மலையில் யாரும் கண்டதும் இல்லை. நானே புறப்பட்டுத் தோட்டம் முழுக்கப் பொருள் சேகரித்தேன்.

அப்பாவுக்கு ஃபெக்டரியில் வேலை. அங்கே 'லைட்' என்பது கிட்டத்தட்ட ஒரு வசை. கொழும்பில் தேயிலையை ருசி பார்க்கிறவர்கள் சாயம் 'லைட்' என்று எழுதி அனுப்பிவிட்டால், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரையா அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டாராம்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் பங்களாவில் குசினி வேலை, அதாவது சமையல் வேலை, பார்த்தார். எங்கள் குடும்பத்தின் ஆங்கில இலாகா அவரிடம்தான் இருந்தது. "தொரை இன்னைக்கு லைட் லன்ச் போதும்னாருன்னு வையி. சூப்பு, மீனு, கோழி, அதுக்கு மேல புடிங்கு. லைட்டுன்னா எந்திரிக்க முடியாத அளவுக்குத் திங்கிறதுன்னு எழுதிக்க" என்றார். துரைசாணி அவரது கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, உனக்கு லைட்டான கை என்று புகழ்ந்ததையும் சொன்னார். முன்பிருந்த சமையல்காரருடைய விரல்களைப் பற்றியும் துரைசாணி அதே சொல்லைத்தான் சொன்னாராம்; விரல் லைட் என்றால் திருட்டு விரல் என்று அர்த்தமாம். மறுநாளே அவரைப் பெட்டி கட்டச் சொல்லிவிட்டார்கள். ஒரே சொல் ஒருவருக்குச் சம்பள உயர்வையும் இன்னொருவருக்குச் சீட்டுக் கிழிப்பையும் கொடுக்கும் என்பதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பாடம் பண்ணும் இடம் அம்மாவின் முதுகு. கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, பாயில் குப்புறப் படுத்து, என்னை ஏறி மிதிக்கச் சொல்வாள். இடுப்புக்கு மேலே ஓர் இடம் உண்டு. அங்கே கால் பட்டால் பல்லைக் கடிப்பாள். "இன்னும் அழுத்தி மிதி புள்ள. நீ பாரமே இல்ல" என்பாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் நடந்தபடியே லைட், லைட் என்று உருப்போடுவேன். முடிந்து இறங்கியதும் தினமும் அதே எச்சரிக்கை: "வெளிய ஒருத்தருகிட்ட மூச்சு விட்ட, நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்."

அம்மாவுக்கு முதல் நிரை. கொழுந்து எடுக்கும்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை உண்டு. மலையில் வரிசையாக ஏறுவார்கள். முதல் நிரையை, கை வேகமான ஆளுக்குத்தான் கங்காணி கொடுப்பார். அவள் முன்னே போக, மற்றவர்கள் அவள் வேகத்துக்குப் பின்னால் வர வேண்டும். அதற்கு அடுத்த நிரையில் இருந்தது என் அத்தை, அப்பாவின் தங்கை. அத்தைக்கும் கை வேகம்தான். எந்த நாளாவது அண்ணி சற்றே தளரமாட்டாளா என்று கண் வைத்தபடி வருடக் கணக்காகப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். முதுகு வலி வெளியே தெரிந்தால் அந்த நிரை யாருக்குப் போகும் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பல் கடிக்கும் சத்தம்தான்.

பொருள் கேட்டு டிஸ்பென்சரிக்குப் போன அன்றுதான் வினை தொடங்கியது. அங்கிருந்தவர் மருந்து கலக்குகிறவர்தான். ஆனால் தோட்டத்துக்கே அவர் டொக்டரையா. எனக்கு முன்னால் பெஞ்சில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். டொக்டரையா ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம், "இந்தா, ஒனக்கு இன்னொன்னு. இவங்களுக்கு முதுகு வலி, பாரம் தூக்கக் கூடாது. அதனால லைட் வேர்க்" என்றார். முதுகு என்ற சொல்லைக் கேட்டதும் என் மூளை வேறு எதையும் உள்ளே விடவில்லை. அந்த அக்காவின் வயிற்றை நான் கவனிக்கவே இல்லை.

அப்போதே தீர்மானித்துவிட்டேன்: அம்மாவுக்கு லைட் வேலை வாங்கிக் கொடுக்காமல் விடுவதில்லை. வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டளை ஒன்று இருந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். இங்கிலிஷில் சொன்னால் அது சொன்னதாகாது. யாருக்குத்தான் புரியப் போகிறது?

இங்கிலிஷ் டேக்குத் துரைதான் பிரதம விருந்தினர். மெத்தை போட்ட ஒரே நாற்காலியில் அவர் உட்கார, பின்னால் கண்டாக்கையா, அதாவது வெளிக்கள உத்தியோகத்தர், மடக்கிய குடையோடு நின்றார். அதற்கும் பின்னால் பெற்றோர். அம்மா கல்யாணப் புடவையில் வந்திருந்தாள், பக்கத்திலேயே அத்தை. நான் ஏறினேன். நிறம், உறக்கம், சாயம், பகல் உணவு, கை, விரல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். விரலுக்கு வந்தபோது துரை, பின்னால் நின்ற மாமாவைத் திரும்பிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. டீச்சர் எழுதிக் கொடுத்த பேச்சு முடிந்தது. நான் இறங்கவில்லை.

"சேர், மை மதர் ஹேஸ் பேக் பெயின். ப்ளீஸ் கிவ் ஹேர் லைட் வேர்க்" என்றேன்.

துரை சத்தமாகச் சிரித்துவிட்டுக் கை தட்டினார். உன் அம்மா யார் என்று கேட்டார். நான் விரலை நீட்டினேன். அப்போது கண்டாக்கையா, சபைக்கு ஒரு உதவியாக இருக்கட்டும் என்று, கணீரென்ற குரலில் மொழிபெயர்த்தார்: "அம்மாவுக்கு முதுகு வலியாம். லைட் வேலை குடுக்கச் சொல்லுது புள்ள!"

மண்டபமே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா சிரித்தாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். முதல் பரிசாக எனக்கு ஒரு சோப்புப் பெட்டி கிடைத்தது, உள்ளே சோப்போடு.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா முன்னால் நடந்தாள். நாக்கை அறுக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

மறுவாரம் காலைப் பெரட்டில், எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும்போது, துரையின் உத்தரவு வாசிக்கப்பட்டது. அம்மா நாற்றுமேடைக்குப் போய்ப் பைகளில் மண் நிரப்ப வேண்டும். முதல் நிரை அத்தைக்கு. "நீங்க நல்லா ஒக்காந்து ரெஸ்ட் எடுங்கண்ணி" என்று அத்தை போகிற போக்கில் தேனைக் கொட்டிவிட்டுப் போனாளாம்.

அது போதாதென்று இன்னொன்றும் நடந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் கூடையை இறக்கிவிட்டு லைட் வேலைக்குப் போனால், அதற்கு ஊர் அறிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். மண் நிரப்புகிற பிள்ளைத்தாய்ச்சிகள் அம்மாவுக்கு நகர்ந்து இடம் விட்டு, "எத்தன மாசம்க்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். நாற்பதைத் தொடப்போகிற அம்மா பதில் சொல்லவில்லை. அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். மாலைக்குள் செய்தி ஃபெக்டரிக்கு ஏறிவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, கதவருகே நின்று, மிகத் தயக்கமாக, "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமே" என்றார். அம்மா அகப்பையை எடுத்தாள். மாமா தன் பங்குக்கு, அக்காவுக்கு மசக்கையாக இருக்குமே என்று, பங்களாவிலிருந்து ஒரு ஊறுகாய்ப் போத்தலைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். முன்பிருந்த சமையல்காரரை நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா டொக்டரையாவிடம் போனாள். துரை சொன்னதை நான் எப்படி மாற்றுவது என்று அவர் கையை விரித்தார். கண்டாக்கையாவும் அதையே சொன்னார். அன்றிரவு அம்மா முதுகு மிதிக்கக் கூப்பிடவில்லை. விடியும் முன் என்னை எழுப்பி, இழுத்து இழுத்து இரட்டைப் பின்னல் போட்டு, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள்.

"கேட்டது யாரு? நீதான? நீயே வந்து வேணாம்னு சொல்லு. இங்கிலிசுலயே சொல்லு."

பெரட்டுக் களத்தில் பனிமூட்டம். துரைக்கு முன்னால் போய் நேராகப் பேசுகிற வழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. எதையும் கண்டாக்கையா வழியாகத்தான் சொல்வார்கள். அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். 'லைட்'டுக்கு எதிர்ச்சொல்லையும் டீச்சர் கற்றுக்கொடுத்திருந்தார். "சேர், மை மதர் இஸ் நொட் சிக். ப்ளீஸ் கிவ் ஹேர் ஹெவி வேர்க்" என்றேன்.

துரைக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் துரை சிங்களவர். தமிழை வேலையோடு சேர்த்துப் பழகியவர். அம்மாவிடம் திரும்பி, "முதுகு நோவு இருக்கா, இல்லையா? நீ சொல்லு" என்றார்.

"இல்லிங்க தொரை. புள்ள இங்கிலிசு பழகுது. வாயில வந்தத சொல்லிருச்சு."

அத்தனை பேர் முன்னால் நான் பொய்க்காரியானேன். தினமும் மிதித்த கால்கள் என்னுடையவை. ஆனால் என் இங்கிலிஷ் அத்தோடு தீர்ந்துபோயிருந்தது. துரை அம்மாவைக் கொழுந்துக்கே திருப்பி அனுப்பினார். ஆனால் முதல் நிரை கிடைக்கவில்லை. கொடுத்ததை எப்படிப் பிடுங்குவது என்று கங்காணி தலையைச் சொறிந்தார். அம்மாவுக்குக் கிடைத்தது கடைசி நிரை.

அம்மா கூடையை மாட்டிக்கொண்டு அதில் நின்றாள். அந்த மழைக்காலம் முழுக்க என் பரிசுச் சோப்பை எடுத்துக் கால்களில் வெள்ளையாகத் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போனாள். ரத்தம் குடிக்கிற அட்டை காலில் ஏறாமல் இருப்பதற்கு எல்லோரும் செய்வதுதான் என்றாலும், என் முதல் பரிசு இப்படித் தேய்ந்து போகிறதே என்று எனக்கு ஆற்றாமை. அவள் கையோ நிரை நிரையாக முன்னேறியது. இன்றைக்கு ஒருத்தியைத் தாண்டினாள், பிறகு இன்னொருத்தியை. மழை ஓய்வதற்குள் அத்தைக்கு அடுத்த நிரையில் நின்றாள். ஒரு நாள் மாலை எடை போட்டபோது கங்காணி இரண்டு கூடைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து முதல் நிரைக்கு வா என்றாராம். அன்று அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். மிதித்தேன். பல்லைக் கடித்தாள். சோப்பில் மிஞ்சியிருந்த சில்லு எனக்கே திரும்பி வந்தது. அதன் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை. ஏன் என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு.

பின்னாளில் நான் எழுதுகிறவளானேன். புத்தகக் கடைக்காரர்கள் என் புத்தகங்களை 'லைட் ரீடிங்' என்ற தட்டில் அடுக்குகிறார்கள்; இந்தப் பொருளை டீச்சர் அன்றே சொல்லியிருந்தால் வேறு தொழில் பார்த்திருப்பேன். ஆனால் அம்மாவின் அந்தப் பிடிவாதத்தை மட்டும் நான் கனமான விஷயமாகவே மனதில் வைத்திருந்தேன். வலிக்கிறவள் எதற்காக வலிக்கவில்லை என்று பொய் சொல்லிக் கஷ்டமான வேலையைக் கேட்டு வாங்கினாள்? வெகுகாலம் கழித்து எனக்கு ஒரு விடை கிடைத்தது. முன்னால் போகிறவளின் கூடைதான் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும். அவள் முகம் யாருக்கும் தெரியாது. பல்லைக் கடிப்பதற்கு அந்த மலையில் அவளுக்கிருந்த ஒரே தனி அறை அந்த முதல் நிரைதான்.

நுவரெலியாவிலிருந்து ஹட்டன் வீட்டுக்குத் திரும்பியதும் மகள் ஹோட்டல் கதையை அம்மாவிடம் போட்டுக்கொடுத்தாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நல்ல நேரத்தில் என் விடையை அவள் முன் வைத்தேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மொகத்த எவடி பாத்தா அங்க? முதுகு எல்லாருக்குந்தான் வலிச்சுச்சு" என்றாள். பிறகு தன் சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.

"முன்னால போறவ காலடிச் சத்தத்துலதான் அட்டை முழிக்கும். முழிச்சு, பின்னால வர்றவள புடிக்கும். என் கால பாரு, ஒரு தழும்பு இல்ல. அடுத்த தடவ ஒங்க அத்தைய பாத்தா, அவ கால பாரு."